ஸ்கை தீவில் உடன்போக்கு: இரண்டே பேர், மலையும் கடலும் போதும். எப்படித் திட்டமிடுவது?

மழைக்குருவி:
எல்லோருக்கும் வணக்கம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கேள்விக்குப் பதில் வராது, அறிவுரைதான் வரும். வீட்டுக்குத் தெரியும். இரண்டு வீடும் ஒரு வருட இழுபறிக்குப் பிறகு சம்மதித்தாகிவிட்டது. ஆனால் மண்டபம் என்று ஆரம்பித்தால் நானூறு பேர், யாரை முதலில் கூப்பிடுவது, யார் பெயரைப் பத்திரிகையில் மேலே போடுவது என்று அடுத்த ஒரு வருடம் போய்விடும். அதனால் நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுக்குப் போய்த் திருமணம் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறோம். ஜூன் நடுவில். வரவேற்பு எல்லாம் பிறகு, அவர்கள் இஷ்டம்.

இருவரும் லெஸ்டரில் இருக்கிறோம். நான் பிரிட்டிஷ் குடியுரிமை, அவர் இந்தியப் பாஸ்போர்ட், இங்கே வேலை விசாவில் இருக்கிறார். ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டோர் பாறைக்கு முன்னால் நின்று ஒரு ஜோடி எடுத்த படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு இடமே கண்ணில் படவில்லை. என் கேள்விகள்: மலைமேல் நின்று செய்தால் சட்டப்படி செல்லுமா? சாட்சிக்கு யாரைப் பிடிப்பது? புடவையில் ஏற முடியுமா? (சிரிக்காதீர்கள்.)

கல்வெட்டு:
செல்லும். இங்கிலாந்தில் என்றால் அங்கீகரிக்கப்பட்ட கட்டடம், 2021 ஜூலையிலிருந்து அதன் வளாகத்துத் திறந்தவெளி, அதோடு சரி. ஸ்காட்லாந்தில் அப்படி இல்லை. கல்யாணத்தை நடத்திவைக்கிறவருக்கு அதிகாரம் இருக்கிறதா என்பதுதான் முக்கியம், இடம் இரண்டாம்பட்சம். மதம் சாராத ஹியூமனிஸ்ட் நடத்துநர்கள் 2005இலிருந்தே சட்டப்படி அங்கே திருமணம் செய்துவைக்கிறார்கள். மலையுச்சி, கடற்கரை எதுவானாலும் சரி. அரசுப் பதிவாளரே வரவேண்டும் என்றாலும் 2014 சட்டத்துக்குப் பிறகு நீங்களும் அவரும் ஒப்புக்கொள்கிற இடத்தில் நடத்தலாம். ஆனால் பதிவாளர் அரசு ஊழியர், உங்களோடு மலையேற ஒப்புக்கொள்வாரா என்பது வேறு கதை.

இப்போது காகிதம். இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். எம்10 என்று ஒரு படிவம். ஆளுக்கு ஒன்று, தனித்தனியாக. திருமணம் நடக்கும் பகுதியின் பதிவு அலுவலகத்துக்குப் போகவேண்டும், நீங்கள் குடியிருக்கும் லெஸ்டருக்கு அல்ல. திருமண நாளுக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் வாங்கமாட்டார்கள், 29 நாளுக்குள் வந்தாலும் வாங்கமாட்டார்கள். இந்த இடைவெளியில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் தங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது.

உங்கள் விஷயத்தில் கூடுதலாக ஒன்று உண்டு. அவர் வேலை விசாவில் இருப்பதால் குடிவரவு நிலை பற்றிய உறுதிமொழியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அது உள்துறைக்குப் போகும். அவர்கள் விசாரிக்க முடிவெடுத்தால் 28 நாள் காத்திருப்பு 70 நாளாக நீளும். ஆகவே 29 நாள் கணக்கை மறந்துவிடுங்கள். மூன்று மாதக் கதவு திறந்த முதல் வாரமே அனுப்பிவிடுங்கள். ஜூன் நடுவில் என்றால் மார்ச் நடுவில்.

இதைப் படிக்கிற வேறு யாராவது இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து செய்ய நினைத்தால்: சாதாரணச் சுற்றுலா விசாவில் வந்து திருமணம் செய்ய முடியாது. அதற்கென்று மேரேஜ் விசிட்டர் விசா தனியாக இருக்கிறது.

ரெண்டாம்கட்டை:
கல்வெட்டு அண்ணன் பேரைக் காப்பாற்றிவிட்டார், பொறித்தே கொடுத்துவிட்டார் 😄

ஆனால் தங்கச்சி, நீங்கள் போகிற பாதை பழைய பாதை. 1754இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. 21 வயது ஆகாதவர்கள் பெற்றோர் சம்மதம் இல்லாமல் கட்டிக்கொள்ள முடியாது என்று. எல்லையைத் தாண்டினால் ஸ்காட்லாந்தில் அந்தச் சட்டம் இல்லை. இரண்டு சாட்சி முன்னால் ‘நாங்கள் கணவன் மனைவி’ என்று சொன்னாலே கல்யாணம். அப்படி ஓடிவந்தவர்களுக்கு எல்லையில் முதலில் தட்டுப்பட்ட ஊர்களில் ஒன்று கிரெட்னா கிரீன். கொல்லன் பட்டறையில் பட்டடைக்கல்லை ஓங்கித் தட்டிக் கல்யாணத்தை முடித்துவைப்பார்கள். பின்னாலேயே அப்பா குதிரைவண்டியில் துரத்திக்கொண்டு வருவார். 1856இல் ‘21 நாள் ஸ்காட்லாந்தில் தங்கியிருக்க வேண்டும்’ என்று போட்டு வேகத்தைக் குறைத்தார்கள், 1940இல் கொல்லருக்கு இருந்த வேலையும் போயிற்று.

நம்மிடமும் உடன்போக்கு என்று ஓர் அழகான சொல் இருக்கிறதே. சங்கப் பாட்டில் காதலனோடு போன பெண்ணைச் செவிலித்தாய் பாலை வழியில் தேடிக்கொண்டு போவாள். இங்கே வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் கேட்பார்கள்.

தெற்குச்சன்னல்:
மூன்று வருடத்துக்கு முன்னால் அதே ஸ்டோரில், அதே ஆசையோடு, புடவையோடு போனவள் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்.

கார் நிறுத்துமிடத்திலிருந்து பாறையடி வரை போய்வர சுமார் நாலு கிலோமீட்டர், ஏற்றம் கிட்டத்தட்ட 300 மீட்டர். இது ஒன்றும் பெரிய மலையேற்றம் இல்லை, குழந்தைகள்கூட ஏறுகிறார்கள். நான் டிராக் பேண்டோடு ஏறி மேலே பாறை மறைவில் புடவை கட்டிக்கொள்ளலாம் என்று திட்டம். கட்டினேன். கட்டி முடித்து மறைவிலிருந்து வெளியே வந்தேன் பார், காற்று. பிளீட்ஸ் பிடித்திருந்த ஆறு பின்னில் நாலு தெறித்துவிட்டது. முந்தானை நேராகப் பறந்துபோய் நடத்திவைக்க வந்த அம்மாவின் முகத்தில் அறைந்தது. அவர் சிரித்துக்கொண்டே அதைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார், சடங்கு முடியும்வரை என் முந்தானை அவர் கையில்தான். உறுதிமொழி சொன்னோம், என் கணவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை, நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. வீடியோவில் இருப்பது வெறும் காற்றுச் சத்தம்தான்.

இது பரவாயில்லை. உண்மையான பயம் வேறு. முந்தைய நாள் மாலை வானிலை அறிக்கை மோசமாக இருந்ததால் கீழே விரிகுடா பக்கம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டோம். அந்த அம்மா சொன்னார், அவர் கையில் இருக்கும் திருமண அட்டவணையில் (ஷெட்யூல் என்பார்கள், திருமணத்துக்காகப் பதிவு அலுவலகம் தரும் தாள்) எந்த இடம், எந்தத் தேதி என்று எழுதியிருக்கிறதோ அங்கேதான் செய்யமுடியும், மாற்றவேண்டும் என்றால் முன்கூட்டியே பதிவு அலுவலகத்தில் திருத்தி வாங்கியிருக்க வேண்டும் என்று. எங்களுக்கு சனிக்கிழமை திருமணம். அலுவலகம் பூட்டியாயிற்று. அதனால்தான் அந்தக் காற்றிலும் மேலே ஏறினோம்.

ஆகவே என்னிடம் கேட்டால், படத்தைப் பார்த்து இடம் பிடிக்காதே. காற்றடித்தால் நிற்க முடிகிற இடமா என்று பார்த்துப் பிடி. மாற்று இடத்தையும் படிவம் அனுப்பும்போதே பதிவாளரிடம் பேசி வைத்துக்கொள். ஸ்டோருக்கு அடுத்த நாள் போய்ப் படம் எடுத்துக்கொண்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

மழைக்குருவி:
அக்கா, முந்தானைக் கதையை அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். ‘ஸ்டோர் வேண்டாம்’ என்று இரண்டு நிமிடத்தில் முடிவாகிவிட்டது. சரி, அப்படியானால் எங்கே? எனக்கு மலையும் வேண்டும் கடலும் வேண்டும், அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வடக்குவாடை:
இன்வர்னஸில் இருக்கிறேன், வேலை நிமித்தம் மாதத்துக்கு இரண்டு தடவை ஸ்கை போகிறவன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

படத்துக்கு நிகரே இல்லாதது எல்கோல். தீவிலேயே உள்ள பிராட்ஃபோர்ட் ஊரிலிருந்து சுமார் 15 மைல் ஒற்றைத்தடச் சாலை, முடிவில் கல் கரை, எதிரே கடலுக்கு அப்பால் கறுப்பு குய்லின் மலைத்தொடர் முழுசாக வரிசைகட்டி நிற்கும். அதன் உச்சி ஸ்கூர் அலஸ்டர் 992 மீட்டர், கடல்மட்டத்திலிருந்தே எழும்புவதால் அதைவிட உயரமாகத் தெரியும். குறை என்னவென்றால் தென்மேற்குக் காற்றுக்கு நேராக நெஞ்சைக் காட்டி நிற்கும் இடம். டாலிஸ்கர் விரிகுடாவும் அப்படித்தான், கறுப்பும் வெளுப்புமாக மணல் கலந்து கிடக்கும், அழகு, ஆனால் மேற்கே திறந்தது. நைஸ்ட் முனையில் 1909இல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது, சாயங்காலம் அங்கே திருவிழாக் கூட்டம். உங்கள் ‘இரண்டே பேர்’ அங்கே நடக்காது. ஃபேரி கிளென் பக்கம் போவதானால் ஒரு வேண்டுகோள், படத்துக்காகக் கல்லை அடுக்கி வட்டம் போடாதீர்கள், உள்ளூர்க்காரர்கள் கலைத்துக் கலைத்து அலுத்துவிட்டார்கள்.

தீவில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும். அதனால் நான் உங்களை வடகிழக்குப் பக்கம் அனுப்புவேன். ஸ்டாஃபின் ஊருக்குக் கீழே அன் கொரன் என்று ஒரு சின்னக் கடற்கரை. முன்னால் கடல், பின்னால் குவிராங் மலைமுகடு சுவர்போல நிற்கும். காற்று முழுவதும் நிற்காது, மலை தாண்டி வந்து சுழற்றியும் அடிக்கும், ஆனால் மேற்குக்கரை அளவு இருக்காது. கார் கிட்டத்தட்ட கரைவரை போகும், புடவைக்கும் நல்லது. அந்தப் பாறையில் ஜுராசிக் கால டைனோசர் காலடிகள் வேறு இருக்கின்றன, 2002இல் கண்டுபிடித்தார்கள். தண்ணீர் வற்றும்போதுதான் தெரியும், கோடையில் மணல் மூடியும் இருக்கும். கடல் ஏறி இறங்கும் ஓத நேரத்தைப் பார்த்து மணி குறியுங்கள், இல்லையென்றால் நிற்க மணலே இருக்காது.

மாற்று இடத்துக்கு தெற்கே ஸ்லீட் பக்கம், அர்மடேல் கோட்டை இடிபாட்டைச் சுற்றியுள்ள தோட்டம். மரங்களுக்கு நடுவே காற்று அடங்கிவிடும், கடலுக்கு அப்பால் மெயின்லாந்து மலைகள் தெரியும். அங்கே முன்னாலேயே கேட்டு ஏற்பாடு செய்யவேண்டும். ஆனால் ஸ்டாஃபினிலிருந்து நல்ல தூரம், அன்று காலையில் முடிவெடுத்தால் ஓட்டமாகத்தான் ஓடவேண்டும்.

ரெண்டாம்கட்டை:
165 மில்லியன் வருடத்துக்கு முன்னால் நடந்துபோன ஆளையே சாட்சிக்குப் போட்டுவிடலாமே.

கல்வெட்டு:
16 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் வேண்டும். வயது விஷயத்தில் டைனோசருக்குத் தடையில்லை, கையெழுத்துதான் சிக்கல்.

உண்மையாகவே கேட்டால், படம் எடுக்க வருபவர் ஒருவர், அவருடைய உதவியாளர் அல்லது துணை இன்னொருவர் என்று முடித்துக்கொள்வார்கள், அங்கே அது சகஜம். அவர்களிடம் முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். நீங்கள் தங்குகிற விடுதிக்காரரைக்கூடக் கேட்கலாம்.

இன்னொன்று, ஹியூமனிஸ்ட் முறை என்றால் அந்த அட்டவணையை உங்களில் ஒருவர் நேரில் போய் வாங்கவேண்டும், திருமணத்துக்கு முந்தைய ஏழு நாட்களுக்குள். தீவின் முக்கிய ஊரான போர்ட்ரீயில் அலுவலகம். வேலை நாளில் திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு அதற்கு ஏற்றபடி தீவில் இறங்குங்கள். சடங்கு முடிந்து கையெழுத்து போட்டபின் மூன்று நாளுக்குள் அது திரும்பப் போய்ச் சேரவேண்டும். தேனிலவு உற்சாகத்தில் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டு லெஸ்டர் வந்தவர்களை எனக்குத் தெரியும். பதிவான பிறகு சான்றிதழ்ப் பிரதி வாங்குங்கள். இந்தியாவில் காட்டவேண்டி வந்தால் அதில் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குச் சான்று சொல்லும் முத்திரை) போட்டுக்கொள்ளலாம்.

பனைமரத்தடி:
நான் இங்கே அதிகம் எழுதுகிறவள் இல்லை. என் மகள் போன வருடம் இப்படித்தான் வேறொரு நாட்டுக் கடற்கரையில் கல்யாணம் செய்துகொண்டாள். எனக்கு முன்னாலேயே தெரியும், சம்மதமும் சொல்லியிருந்தேன். ஆனால் எந்த நாள் என்று சொல்லவில்லை, ‘சர்ப்ரைஸ்’ என்றாள். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது போனில் படம் வந்தது. கோபம் எல்லாம் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் நான் குளித்து, நல்ல புடவை ஒன்று கட்டிக்கொண்டு, விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருப்பேனே என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். நாளையும் மணியையும் அம்மாவிடம் சொல்லிவிடு கண்ணு. வரவேண்டாம் என்றால் வரமாட்டார்கள்.

தெற்குச்சன்னல்:
அம்மா, இதைப் படித்துவிட்டு என் அம்மாவுக்குப் போன் செய்தேன். நானும் மணி சொல்லவில்லை.

நெடுஞ்சாலை:
எனக்கு இதில் உடன்பாடில்லை. மணி சொன்னால் அடுத்து வீடியோ கால், அப்புறம் ‘பெரியப்பாவையும் சேர்த்துக்கொள்’, கடைசியில் மண்டபமே போனுக்குள் வந்துவிடும். போனது எதற்கு? ஸ்டாஃபின் கரையில் சிக்னல் இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. மணியைச் சொல்லுங்கள், நேரலை வேண்டாம். அங்கே நிறுத்துங்கள்.

மழைக்குருவி:
மணி சொல்லிவிடுகிறேன் அம்மா. நேரலை இல்லை. இரண்டு பேர் சொன்னதும் நியாயமாகத்தான் படுகிறது.

அடுத்த கவலை, எல்லோரும் மிட்ஜ் மிட்ஜ் என்று பயமுறுத்துகிறார்களே, அது என்ன கொசுவா?

வடக்குவாடை:
கொசுவாக இருந்தால் மரியாதையாக ஒன்றிரண்டு வரும். இது இரண்டு மில்லிமீட்டர்கூடத் தேறாது, ஆயிரக்கணக்கில் மேகமாக வரும், கடிப்பது பெண் மட்டும்தான். மே கடைசியில் ஆரம்பித்து செப்டம்பர் வரை இருக்கும், ஜூலை ஆகஸ்டில் உச்சம். நீங்கள் காற்றுக்குப் பயப்படுகிறீர்கள், மிட்ஜ் உங்களைவிடப் பயப்படும். மணிக்கு ஏழு மைல் வேகத்துக்கு மேல் காற்று இருந்தால் அதால் பறக்கமுடியாது. நல்ல வெயிலும் பிடிக்காது. அசையாத காற்று, மேகமூட்டம், விடிகாலை அல்லது அந்திநேரம், இவை சேர்ந்தால் கல்யாணப் படத்தில் எல்லோரும் கன்னத்தில் அறைந்துகொண்டு நிற்பீர்கள். ஆகவே மெல்லிய காற்று இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். தலையை மூடும் பூச்சிவலை ஒன்று வாங்கிப் பையில் வையுங்கள், படத்துக்கு முன் கழற்றலாம்.

ஜூனில் வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. காலை நாலரை வாக்கில் சூரியன் வரும், இரவு பத்தேகால் வரை போகாது. காலை ஆறு மணி, ஏழு மணிக்கு வைத்தால் ஆளும் இருக்காது, வண்டி நிறுத்தவும் சண்டை இருக்காது.

நெடுஞ்சாலை:
லெஸ்டரிலிருந்து ஏறத்தாழ 500 மைல். ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள், கிளாஸ்கோ தாண்டி எங்காவது இரவு தங்குங்கள். 1995இல் பாலம் வந்துவிட்டது, 2004இலிருந்து சுங்கமும் இல்லை, நேராகக் காரிலேயே ஏறிவிடலாம். எதிர்க்கரையிலுள்ள மல்லைக்கிலிருந்து படகில் அர்மடேல் போகும் வழி அழகு, ஆனால் கோடையில் முன்பதிவு இல்லாமல் நம்பிப் போகாதீர்கள். தீவுக்குள் ஒற்றைத்தடச் சாலைகளில் அங்கங்கே ஒதுங்க இடம் விட்டிருப்பார்கள். அது எதிரே வருபவருக்கு வழிவிட, பின்னால் வருபவரை முன்னே அனுப்ப. வண்டியை நிறுத்திப் படமெடுக்க அல்ல. ஆடுகள் சாலையிலேயே படுத்திருக்கும், அவற்றுக்கு அவசரம் கிடையாது.

முக்கியமாக, தங்குமிடம். ஜூனில் கடைசி நேரத்தில் தேடினால் கிடைக்காது. பதிவாளர் தேதி உறுதியாகும்வரை ரத்து செய்ய வசதியுள்ள அறையாகப் பிடியுங்கள்.

மழைக்குருவி:
மூன்று மாதம் கழித்து வருகிறேன். ஆயிற்று!

மார்ச்சிலேயே படிவம் அனுப்பினோம். உள்துறையிலிருந்து கடிதம் வந்த நாள் மட்டும் வயிற்றைக் கலக்கியது, ஆனால் 70 நாளுக்கு நீட்டவில்லை. அன் கொரன் முதல் இடம், அர்மடேல் மாற்று என்று பதிவாளரிடம் தொலைபேசியில் முன்கூட்டியே சொன்னோம். மாற்றுவதானால் எந்த நாளுக்குள் சொல்லவேண்டும் என்று அவர்களே பொறுமையாக விளக்கினார்கள். வியாழன் காலை போர்ட்ரீ போய் அட்டவணையை வாங்கினோம். ஒரு தாள்தான். அதை அவர் பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையைப் புத்தகத்துக்குள் வைத்து, புத்தகத்தைத் துண்டில் சுற்றி, இரவெல்லாம் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினார்.

வெள்ளி காலை ஏழு மணி. பருத்திப் புடவை, உள்ளே தெர்மல், காலில் நடைக்கான பூட்ஸ். தெற்குச்சன்னல் அக்கா, முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகி எட்டுப் பின் குத்தினேன், ஒன்றுகூடத் தெறிக்கவில்லை. காற்று மெல்ல இருந்தது, மிட்ஜ் இல்லாத அளவுக்கு. ஆனால் குவிராங் இல்லை. மொத்த மலையும் மேகத்துக்குள் போய்விட்டது, எங்களுக்குப் பின்னால் வெறும் வெள்ளைச் சுவர். இதற்காகவா 500 மைல் வந்தோம் என்று ஒரு நிமிடம் தோன்றியது, பொய் சொல்லமாட்டேன். அப்புறம் நடத்திவைத்தவர் குவெய்க் என்கிற இருகைப்பிடிக் கிண்ணத்தை நீட்டினார், ஒரு பிடியை நானும் ஒரு பிடியை என்னவருமாகப் பிடித்துக் குடிக்கவேண்டும், என் கை நடுங்கிப் பாதி அவர் சட்டையில். அதோடு மலையை மறந்துவிட்டேன்.

சாட்சிக்குப் படமெடுப்பவரும் அவர் துணைவியும் என்று ஏற்பாடு. துணைவிக்குக் காய்ச்சல், வரவில்லை. ஏழேகாலுக்கு நாயோடு நடக்க வந்த ஓர் அம்மாவை நிறுத்திக் கேட்டோம். அவர் சங்கிலியை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, கையுறையைக் கழற்றி, தாளை நாய் மிதிக்காமல் பார்த்துக்கொண்டு, முழுப் பெயரையும் நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாழ்த்துச் சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்கு நடந்துபோய்விட்டார்.

அம்மாவுக்கு நாளும் மணியும் சொல்லியிருந்தேன். கரையில் சிக்னல் இல்லை, மேலே சாலைக்கு ஏறித்தான் கூப்பிட முடிந்தது. முதல் மணியிலேயே எடுத்தார்கள். பட்டுப்புடவை, தலையில் பூ, பின்னால் அப்பா வேட்டியில் உட்கார்ந்திருக்கிறார், இவ்வளவு நேரமும் அப்படியே இருந்திருக்கிறார்கள். நாங்கள் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி:

“அந்த நாய்க்கார அம்மாவுக்கு சாப்பிட ஏதாவது குடுத்து அனுப்பினீங்களா?”

பனைமரத்தடி:
கொடுத்தீங்களா?

மழைக்குருவி:
இல்லை அம்மா 🙈 காரில் ஒரு டப்பா முறுக்கு இருந்தது, ஞாபகமே வரவில்லை. அட்டவணையைத் திருப்பிக் கொடுக்கப் போர்ட்ரீ போகும் வழியில் அந்தக் கரைக்கு மறுபடி இறங்கிப் பார்த்தோம். நாயின் காலடிதான் மணலில் இருந்தது. மேலே மேகம் விலகிக் குவிராங் முழுசாகத் தெரிந்தது.